"எங்க தெரு தண்ணி எந்தப் பக்கம் போகும்?"

கேள்வி: சென்னையின் தென்புறத்தில் உள்ள ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் பி.ஆர்க். நான்காம் ஆண்டுக்கு டிசைன் ஸ்டுடியோ (திட்டம் வரைந்து பழகும் வகுப்பு) நடத்துகிறேன். போன வருடம் எடுத்துக்கொண்ட தலைப்பு நகர வெள்ளம். படங்கள் அழகாக வந்தன. பசுமைக் கூரை, சாலையோர மழைத்தோட்டம் (மழைநீரைத் தேக்கி மண்ணில் ஊறவிடும் தாழ்வான செடிப்பாத்தி), ஏரியைச் சுற்றி நடைபாதை, எல்லாம் இருந்தன. ஜூரிக்கு, அதாவது மாணவர் படங்களை மதிப்பிடும் அமர்வுக்கு, அந்த வார்டு கவுன்சிலரையும் அழைத்திருந்தோம். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. எங்க தெரு தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டார். ஒரு மாணவராலும் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கும் தெரியவில்லை. சூழலியல் பார்வையை 16 வாரத்துக்குள் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மாணவர்கள் செய்யும் வேலையால் ஊருக்கு உண்மையிலேயே பயன் உண்டா?
— செம்பாக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

கவுன்சிலர் கேட்ட அந்த ஒற்றைக் கேள்வியையே அடுத்த ஸ்டுடியோவின் தலைப்பாக வைத்துவிடுங்கள். 16 வாரமும் அதற்குப் பதில் தேடுவதிலேயே போகட்டும். நம் கல்லூரிகளில் சூழலியல் என்பது தனித் தாள். அதற்குத் தனி ஆசிரியர், தனித் தேர்வு. ஸ்டுடியோ வேறு அறையில் நடக்கிறது. அதனால்தான் மாணவர் கட்டடத்தை முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் பச்சை நிறம் பூசுகிறார். ஒரு பொருள் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வழியில் யார் யார் அதை நம்பி வாழ்கிறார்கள், பருவம் மாறினால் என்ன ஆகிறது என்று கேட்கும் பழக்கம்தான் சூழலியல். அதைத் தொடங்கத் தண்ணீரைவிடத் தோதானது வேறில்லை. கண்ணுக்குத் தெரியும், அளக்கலாம், தப்பாக வரைந்தால் அடுத்த ஐப்பசியே காட்டிக்கொடுத்துவிடும்.

இடத்தேர்விலிருந்து ஆரம்பிப்போம். ஒரு மனையையோ ஒரே ஓர் ஏரியையோ கொடுக்காதீர்கள். நீங்கள் இருக்கும் ஊரே ஒரு சங்கிலியின் கண்ணி. செம்பாக்கம் ஏரியின் உபரி நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு முகத்துவாரம், கடல். வகுப்பை ஐந்து குழுவாகப் பிரித்துக் கண்ணிக்கு ஒன்றாகக் கொடுங்கள். மேல் குழு எவ்வளவு தண்ணீரை வெளியே விடுகிறதோ, அதுவே கீழ்க் குழுவுக்கு வரத்து. சுவரில் பெரிய சார்ட் ஒன்று ஒட்டி, வாரந்தோறும் வரவு, இருப்பு, செலவு மூன்றையும் எழுதவையுங்கள். செம்பாக்கம் குழு தன் பகுதியை அழகுபடுத்த வாய்க்காலை மூடி நடைபாதை போட்டால், மறுவாரமே கீழ்க்கட்டளைக் குழு சண்டைக்கு வரும். அந்தச் சண்டை கட்டாயம் நடக்க வேண்டும். மேல்மடைக்காரருக்கும் கீழ்மடைக்காரருக்கும் உள்ள உறவை எந்த விரிவுரையும் அப்படிப் புரியவைக்காது. 200 அடி பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலை இந்த ஏரிகளை எங்கே வெட்டிப் போகிறது, அதன் அடியில் தண்ணீர் போக எத்தனை கல்வெர்ட் (சிறுபாலம்) இருக்கிறது, ஒவ்வொன்றின் வாய் அகலம் என்ன என்பதையும் அந்தந்தக் குழுவே நேரில் போய் டேப் பிடித்து அளக்கட்டும்.

காலண்டரையும் கவனிக்க வேண்டும். சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. வெள்ளம் பற்றிய ஸ்டுடியோவை ஜனவரியில் தொடங்கினால் மாணவர் பார்ப்பது காய்ந்த ஏரியில் நடக்கும் கிரிக்கெட்டைத்தான். ஜூலையில் தொடங்கும் பருவத்துக்கு மாற்றுங்கள். வறண்ட நிலத்தை ஆகஸ்டில் அளந்து, டிசைனை அக்டோபர் முதல் வாரத்துக்குள் ஓரளவு முடித்து, மழை தொடங்கியதும் அதே இடத்துக்குத் திரும்பப் போய்த் திருத்த வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் உடைவது இந்தத் திருத்தத்தில்தான், மதிப்பெண்ணும் இதற்குத்தான் அதிகம் தர வேண்டும்.

இனி அளவெடுப்பு. ஸ்டுடியோக்கள் சறுக்குவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாணவர்கள் வழக்கமாக எடுப்பது 1:50,000 டோப்போஷீட் (நில உயரம் காட்டும் வரைபடம்). அதில் சமவுயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். சென்னையின் பெரும்பகுதி இரண்டு கோட்டுக்கு நடுவே அடங்கிவிடும். அடுத்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவு. அதன் ஒரு கட்டம் 30 மீட்டர் சதுரம், உயரத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம், மொட்டை மாடியையும் மரத்தையும் தரை என்று எண்ணிக்கொள்ளும். உங்கள் தெருவில் தண்ணீர் ஓடும் திசையை முடிவுசெய்வதோ 30, 40 செ.மீ. ஏற்ற இறக்கம். அந்தத் தரவிலிருந்து மென்பொருள் வரைந்து தரும் நீல அம்புக்குறிகளைச் சமதளத்தில் நம்பவே கூடாது. படம் நம்பும்படி அழகாக இருக்கும் என்பதே அதன் ஆபத்து.

கொத்தனார் பயன்படுத்தும் ட்யூப் லெவல் போதும். குழாயின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்பதை வைத்து உயர வித்தியாசம் பார்ப்பது அது. உள்விட்டம் 10, 12 மி.மீ. உள்ள தெளிவான பிளாஸ்டிக் குழாய் 20 மீட்டர், இரண்டு மரச்சட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் அளவு நாடா. தண்ணீர் நிரப்பும்போது குழாயைத் தரையில் நீட்டிப் போட்டு, ஒரு முனையை வாளியில் முக்கி, மறுமுனையில் வாய் வைத்து இழுத்து, குமிழி ஒன்றுகூட இல்லாமல் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு குமிழி நின்றாலும் அளவு சில செ.மீ. தவறும். குழாயின் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தாலும் கொஞ்சம் தவறும், அதனால் காலை 6 மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். 500 மீட்டர் தெருவுக்கு 25 முறை குழாயை மாற்றிவைக்க வேண்டும். மூன்று பேர், ஒரு காலைப்பொழுது. தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து கணக்கை மூடுங்கள். வித்தியாசம் 15 மி.மீ.க்கு மேல் இருந்தால் மறுநாள் மறுபடி. கல்லூரியில் ஆட்டோ லெவல் (முக்காலியில் வைத்து மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கருவிக்கு முன்னும் பின்னும் அளவுகோல் நிற்கும் தூரங்களைச் (முன்பார்வை, பின்பார்வை) சமமாக வைக்காவிட்டால் கருவியின் கோட்டப் பிழை கூடிக்கொண்டே போகும்.

சாலையின் நடுவை மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் நான்கு புள்ளி வேண்டும்: சாலை நடு, சாலை ஓரம், வடிகால் தரை, வீட்டு வாசல்படி. வாசல்படிதான் அந்தத் தெருவின் வரலாற்றைச் சொல்லும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே தார் போடும் ஒவ்வொரு முறையும் சாலை சில செ.மீ. உயர்கிறது. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கும். அந்த வீட்டுக்காரர் வாசலில் சிமென்ட் மேடு ஒன்று கட்டியிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் வசதி இருந்ததால் இடித்துவிட்டு நாலடி உயர்த்திக் கட்டியிருப்பார், அவர் வீட்டுத் தண்ணீர் இவர் வீட்டுக்குள் வரும். இதைக் குறுக்குவெட்டாக 1:50 அளவில் வரையச் சொல்லுங்கள். வீடு, படி, வடிகால், சாலை, எதிர்வீடு, ஒவ்வொன்றுக்கும் லெவல் எண். பதினைந்து பக்க அறிக்கையைவிட அந்த ஒரு படம் கவுன்சிலருக்குப் புரியும்.

அடுத்தது விசாரணை. "வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது?" என்று மட்டும் கேட்டால் பதில் அரைகுறையாகத்தான் இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பகலா இரவா, மழை நின்ற பிறகு எத்தனை மணி நேரம் கழித்து வடிந்தது, தண்ணீர் தெளிவா கலங்கலா நாற்றமா என்று கேட்க வேண்டும். மழை பெய்யும்போதே தெருவில் நின்று, நின்றதும் வடிந்தால் அது உள்ளூர் வடிகால் பிரச்சினை. மழை விட்டுப் பல மணி நேரம் கழித்து ஏறியிருந்தால் மேலேயுள்ள ஏரியின் உபரி. கழிவறைக் குழியிலிருந்து மேலெழுந்தால் கீழே எங்கோ அடைப்பு, அல்லது சேரும் இடமே நிரம்பிவிட்டது. மூன்றுக்கும் மருந்து வேறு. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களின் கறைக்கோடு பல சுவர்களில் இன்னும் இருக்கும், அதன் லெவலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடவே வருவாய்த் துறைப் பதிவு. கிராம வரைபடம், அ-பதிவேடு (சர்வே எண்வாரியான நிலப் பட்டியல்), புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுப் படம்) மூன்றையும் வாங்கி, க்யூஜிஐஎஸ் என்ற இலவச ஜிஐஎஸ் (கணினி வரைபட) மென்பொருளில் இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்துங்கள். ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால், வண்டிப்பாதை எல்லாம் சர்வே எண்ணோடு கிடைக்கும். இன்று அபார்ட்மென்ட் காம்பவுண்டுக்குள் மறைந்துபோன வரத்துக்கால் புலப்படத்தில் இரட்டைக் கோடாக இருக்கும். தெருப் பெயரும் உதவும். நுங்கம்பாக்கம் லேக் ஏரியா, மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோடு என்ற பெயர்கள் ஏரி போன பிறகும் நிற்பவை. தி.நகரே 1920களில் மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியை வடித்து எழுப்பிய குடியிருப்பு.

இப்படித் தாள்மேல் தாள் வைத்துப் பார்க்கும் முறையை 1960களில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இயன் மெக்ஹார்க் நிலவடிவமைப்புக் கல்வியின் மையத்துக்குக் கொண்டுவந்தார். மண், சரிவு, நீர், காடு என்று ஒவ்வொன்றையும் ஒளிபுகும் தாளில் வரைந்து அடுக்கினால் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பது தானே தெரியும் என்பது அவர் வழி. இன்றைய ஜிஐஎஸ் மென்பொருள்களில் நாம் செய்வதும் அதைத்தான். நம் நிலத்துக்கு அதில் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். ஏரி மே மாதம் நிலம், நவம்பரில் நீர். ஒரே தேதியில் வரைந்த நீலக் கோடு இங்கே பாதி பொய். குழுக்கள் ஒவ்வொன்றும் நீர்ப்பரப்பை மே, ஆகஸ்ட், நவம்பர் என மூன்று தேதிகளில் வரையட்டும்.

இப்போது கணக்கு. பி.ஆர்க். மாணவர் கணக்குக்குப் பயப்படுவார், ஆனால் இதற்குத் தேவை பெருக்கல் மட்டுமே. 1 மி.மீ. மழை 1 சதுர மீட்டரில் 1 லிட்டர். ஒரு குடியிருப்பு 10 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. மழை, அதில் 80 சதவீதம் ஓடிவருகிறது. மொத்தம் 4,800 கன மீட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 400 லோடு. உச்சத்தில் நொடிக்குச் சுமார் 1,330 லிட்டர். தெருவின் சரிவு 500 மீட்டருக்கு 40 செ.மீ. என்றால், 90 செ.மீ. அகலத்தில் 90 செ.மீ. ஆழத்துக்கு நிறைந்து ஓடும் கான்கிரீட் வடிகால் நொடிக்குச் சுமார் 680 லிட்டர்தான் கடத்தும். அதன் அடியில் 30 செ.மீ. வண்டல் படிந்தால் 410 லிட்டருக்கு இறங்கிவிடும். அதாவது புது வடிகாலே தேவையில் பாதி, தூர்வாராத வடிகால் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

மாணவர்கள் ஆசையாக வரையும் மழைத்தோட்டத்தையும் இதே தராசில் வையுங்கள். 2,000 சதுர மீட்டர் மழைத்தோட்டம், 15 செ.மீ. நீர் நிற்கும் ஆழம், கீழே 60 செ.மீ. மண், அதில் 25 சதவீதம் வெற்றிடம். கொள்ளளவு 600 கன மீட்டர். வந்த 4,800ல் எட்டில் ஒரு பங்கு. இதைக் கண்டு மாணவர் சோர்ந்துபோவார், சோர விடாதீர்கள். 300 வீடுகளில் மழைநீருக்கென்று வீட்டுக்கு 5,000 லிட்டர் தொட்டி இருந்தால் இன்னொரு 1,500. 4,000 சதுர மீட்டர் விளையாட்டுத் திடலை 60 செ.மீ. தாழ்த்தினால் 2,400. கூட்டினால் 4,500. ஏறக்குறைய வந்துவிட்டோம். ராட்டர்டாம் நகரில் 2013இல் திறந்த பெந்தெம்ப்ளெய்ன் சதுக்கம் இதே யோசனைதான். காய்ந்த நாளில் பிள்ளைகள் விளையாடும் மூன்று பள்ளங்கள், மழை நாளில் சுமார் 1,700 கன மீட்டர் தண்ணீரைத் தாங்கும்.

ஆனால் இதே குடியிருப்பில் 2015 டிசம்பர் 1–2 மழையைப் போட்டுப் பாருங்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. அதே 80 சதவீதக் கணக்கில் 39,200 கன மீட்டர். நம் 4,500 அதில் எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது. தவிர, பருவமழையின் இரண்டாம் நாளே தொட்டிகள் நிரம்பிக் கிடக்கும், மண்ணும் ஊறியிருக்கும். சீனாவின் ஜெங்ஜோ நகரில், மழைநீரை நகரமே பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்ளச் செய்யும் ஸ்பாஞ்ச் நகரத் திட்டத்தில் நிறைய வேலைகள் நடந்திருந்தன. 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. கொட்டியபோது நகரம் மூழ்கியது. அந்த வேலைகள் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அவை செய்யப்பட்டது வேறு மழைக்கு. ஆகவே மாணவர் இரண்டு திட்டம் தர வேண்டும். ஆண்டுக்குப் பத்து முறை வரும் மழையைத் தேக்கி ஊறவைப்பது ஒன்று. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மழை யார் வீட்டுக்குள்ளும் நுழையாமல் போக வழி விடுவது மற்றொன்று. இரண்டாவதற்கு மழைத்தோட்டம் உதவாது. திறந்த வாய்க்கால், அகலமான கல்வெர்ட், தாழ்வாக விட்டுவைத்த நிலம், உயரமான மின்பெட்டி, இவைதான் உதவும்.

மழைத்தோட்டம் ஏன் தோற்கிறது என்பதையும் கிட்டப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் காரணம் சிரிப்பு வரும் அளவுக்கு எளியது: செடி இருக்கும் மண் சாலையைவிட உயரம். லாரியில் செம்மண் கொண்டுவந்து குவித்துச் செடி நடுவது நமக்குப் பழக்கம். தண்ணீர் எட்டிக்கூடப் பார்க்காது. மண் மட்டம் சாலை ஓரத்தைவிட 15, 20 செ.மீ. கீழே இருக்க வேண்டும். கர்ப் கல்லில் 45 முதல் 60 செ.மீ. அகலத் திறப்பு, திறப்பின் தரை சாலையைவிட 5 செ.மீ. தாழ்வு, உள்ளே விழும் இடத்தில் மண் அரிக்காமல் கருங்கல் பாவு. அந்தப் பாவுக்குழியில்தான் இலையும் பால் கவரும் சேரும், வாரம் ஒருமுறை கையால் அள்ளலாம். மண் கலவையில் ஆற்றுமணலோ எம்-சாண்டோ 60 சதவீதம், மீதி செம்மண்ணும் மக்கிய உரமும். எம்-சாண்டின் தூளைக் கழுவாமல் போட்டால் ஒரே வருடத்தில் இறுகிவிடும்.

அடிமண்ணைச் சோதிக்காமல் எதுவும் வரையக் கூடாது. சென்னையில் திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் மணல், தண்ணீர் நிமிடத்தில் இறங்கும். மாம்பலம், அண்ணா நகர் பக்கம் களிமண். கிண்டி, வேளச்சேரி பக்கம் பாறை. 30 செ.மீ. நீள அகல ஆழத்தில் குழி தோண்டி, முதல் நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் நிரப்பி, மணிக்கு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு 10 மி.மீ.க்குக் கீழே என்றால் அடியில் 20 மி.மீ. ஜல்லிப் படுகையும் துளையிட்ட 110 மி.மீ. பிவிசி குழாயும் கட்டாயம். இல்லாவிட்டால் கொசுப் பண்ணைதான். கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும், ஆகவே 48 மணி நேரத்துக்குள் நீர் வடிந்துவிட வேண்டும். இந்தச் சோதனையை ஆகஸ்டில் மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான இடங்களில் நவம்பரில் நிலத்தடி நீர் தரைக்குக் கீழே ஓரிரு அடி வரை மேலேறிவிடும். அப்போது குழி தோண்டினாலே தண்ணீர் ஊறும், அங்கே உறிஞ்சுகுழி வரைவதில் பொருளே இல்லை.

செடித் தேர்வில் வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே எடுக்காதீர்கள். இங்கே செடி இரண்டு நாள் மூழ்கியும் கிடக்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை காயவும் வேண்டும். வெட்டிவேர் இரண்டையும் தாங்கும், வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும். ஈரமான இடத்தில் கோரை, கல்வாழை. விளிம்பில் புங்கை, நாவல், நீர்மருது.

ஏரிக்கு வருவோம். மாணவர் வரையும் ஏரி பெரும்பாலும் செங்குத்தான கற்சுவர், சுற்றி எட்டடி நடைபாதை, நடுவில் தீவு. சுவர் எழுப்பியதும் ஆழமில்லாத கரையோரம் காணாமல் போகிறது. நெடுங்கால் உள்ளான் ஒரு சாணுக்கும் குறைந்த நீரில் நின்று மேயும். இலைக்கோழி மிதக்கும் இலைமேல் நடக்கும். நீலத் தாழைக்கோழிக்குக் கோரைப் புதர் வேண்டும். முக்குளிப்பானுக்கு மட்டும் ஆழம் போதும். கரைச்சரிவை ஐந்துக்கு ஒன்று (ஐந்தடி போக ஓரடி இறக்கம்) அல்லது அதைவிடச் சாய்வாக வரைந்தால் இத்தனைக்கும் இடம் கிடைக்கும். சுற்றிலும் முடியாவிட்டால் நடைபாதையை ஒரு பக்கத்தில் நிறுத்தி, மறுபக்கத்தை ஆளில்லாமல் விடுங்கள். அடையாறு முகத்துவாரத்தில் 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்காவுக்கு மாணவர்களை ஒரு நாள் கூட்டிப்போய், நீர்விளிம்பை எப்படி விட்டிருக்கிறார்கள் என்று வரையச் சொல்லலாம்.

ஏரியை ஆழப்படுத்தினால் வெள்ளம் குறையும் என்ற நம்பிக்கையையும் சரிபாருங்கள். வெள்ளத்தைத் தாங்கும் கொள்ளளவு, மழை தொடங்கும் நாளில் நிற்கும் நீர்மட்டத்துக்கும் கலங்கலுக்கும் (ஏரி நிரம்பி உபரி நீர் வழியும் தடுப்பு) நடுவே உள்ளது மட்டுமே. சாக்கடை சேர்ந்து ஆண்டு முழுக்க நிரம்பி நிற்கும் ஏரியை இன்னும் இரண்டு மீட்டர் தோண்டினாலும் நவம்பரில் ஒரு சொட்டுக்கூட அதிகம் பிடிக்காது. சாக்கடையைத் தடுப்பதும், மதகைச் சரிசெய்து அக்டோபருக்கு முன் மட்டத்தை இறக்குவதும்தான் வழி. சாக்கடையை நாணல் படுகை வைத்துச் சுத்தம் செய்யலாம் என்று மாணவர் சொன்னால் பரப்பளவு கேளுங்கள். நம் வெப்பத்தில் தலைக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் வேண்டும். 5,000 பேருக்கு அரை முதல் ஒரு ஹெக்டேர். அந்த நிலம் வரைபடத்தில் எங்கே?

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "ஆக்கிரமிப்பு அகற்றம்" என்று மாணவர் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போவார். அந்தக் கோட்டுக்குள் குடும்பங்கள் இருக்கின்றன. வாய்க்கால் கரைகளிலிருந்து எடுத்தவர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் மழைக்காலத்தில் தண்ணீர் சூழும் இடங்கள். கரையில் இருப்பது தகரக் கொட்டகை மட்டுமா, சதுப்பைத் தூர்த்து எழுந்த பெரிய கட்டடங்கள் எவை என்று இரண்டையும் ஒரே வரைபடத்தில் காட்டாத திட்டத்தை ஜூரி ஏற்கக் கூடாது. வீடு அகற்றச் சொல்லும் மாணவர், அதே வார்டுக்குள் மாற்று வீட்டின் இடம், மாடி எண்ணிக்கை, வேலைக்குப் போகும் தூரம் மூன்றையும் வரைந்தாக வேண்டும்.

பயன் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, படத்தால் அல்ல. உங்கள் மாணவர்கள் அளந்த லெவல் வரைபடம் எந்தத் தெருவில் எவ்வளவு சரிவு என்று செ.மீ. கணக்கில் சொல்லும். மாநகராட்சிப் பொறியாளர் அடுத்த வடிகாலுக்கு மதிப்பீடு போடும்போது அதை எடுத்துப் பார்க்க முடியும். செம்பாக்கம் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது, வார்டு பொறியாளரையும் நீர்வளத் துறையின் லஸ்கரையும் (மதகைத் திறந்து மூடும் ஊழியர்) முதல் வாரமே வகுப்புக்கு அழையுங்கள். எந்த மதகு திறக்காது என்று லஸ்கருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. இன்னொரு வழி திறந்தவெளி ஒதுக்கீடு. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் 10 சதவீதம் விட வேண்டும் என்பது கட்டட விதி. யாருக்கும் உதவாத மூலை அப்படி ஒதுக்கப்படுவதே வழக்கம். பழைய வரத்துக்கால் போன தடத்தில் அந்த ஒதுக்கீடுகள் வரிசையாக அமைந்தால் வாய்க்கால் துண்டு துண்டாகவாவது திரும்பி வரும். உங்கள் பகுதிக்கு அப்படி ஒரு தடத்தை வரைந்து, சென்னைக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தைத் தயாரிக்கும் சிஎம்டிஏவுக்கு (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எழுத்தில் கொடுக்கலாம்.

ஒரே வருடத்தில் எல்லாம் முடியாது. இந்த ஆண்டு அளந்ததை அடுத்த ஆண்டு மாணவர்கள் வாங்கி, மழையோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அளவுக் குறிப்பேடு, அச்சுப் படம், கணினிக் கோப்பு மூன்றும் துறையில் இருக்கட்டும். மாணவர் லேப்டாப்பில் விட்டால் பட்டமளிப்போடு போய்விடும். மதிப்பெண் பிரிக்கும்போது அளவெடுப்புக்கும் கணக்குக்கும் சேர்த்துப் பாதி, மழைக்குப் பிந்தைய திருத்தத்துக்குக் கால் பங்கு, இறுதிப் படங்களுக்கு மிச்சம் என்று வையுங்கள். ஒவ்வொரு திட்டத்தோடும் ஒரு பராமரிப்புத் தாள் வேண்டும்: எதை, எந்த மாதம், யார், எந்தக் கருவியால் சுத்தம் செய்வது. "மாநகராட்சி" என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. அக்டோபர், நவம்பர் கள வேலையை மழை விட்ட பிறகே வையுங்கள். ஆரஞ்சு, ரெட் அலர்ட் நாளில் யாரையும் அனுப்பாதீர்கள். கணுக்கால் அளவு தண்ணீரிலும் மூடி இல்லாத மேன்ஹோல் தெரியாது, தெருவிளக்குக் கம்பத்தில் மின்கசிவு இருக்கலாம். ஆளுக்கு ஒரு மூங்கில் கழி, ரப்பர் பூட்ஸ், இருவராகவே நடப்பது. தண்ணீர் நிற்கும்போது எடுக்க வேண்டிய படங்களைக் குடியிருப்போர் சங்கத்தினரிடம் சொல்லி அவரவர் மாடியிலிருந்து, நேரத்தைக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் கம்பத்தை, எந்தச் சுவரைப் படத்தில் சேர்க்க வேண்டும் என்று செப்டம்பரிலேயே பெயின்ட் அடையாளம் போட்டுவைத்தால், அந்தப் படங்களிலிருந்தே நீர்மட்டத்தைப் பிறகு கணக்கிட்டுவிடலாம்.